கார் ஸ்டீரியோவின் பின்பக்கம்: ஒரு வயர்க்கட்டின் வரலாறு

மாமாவிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. போன விடுமுறையில் அதற்கு ஸ்டீரியோ மாட்டும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். "கடையில குடுத்தா ரெண்டு மணி நேரத்துல முடிச்சிருவான், உனக்கு எதுக்குடா இந்த வேலை?" என்றார் மாமா. இயற்பியல் படிக்கிற பையனுக்கு இது தெரியாதா என்ற கொழுப்பு எனக்கு. செட், நாலு ஸ்பீக்கர், பின்பக்கம் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர். ரெண்டு நாள் ஆனது. பாட்டு வந்தது. வீடே வந்து காருக்குள் உட்கார்ந்து கேட்டது. மாமாவின் இரண்டு குட்டிப் பெண்களும் பின்சீட்டை விட்டு இறங்கவே இல்லை.

ஒரு வாரம் கழித்து எதிர்வீட்டு அண்ணன் ஒருவர் (ஆட்டோ எலெக்ட்ரீஷியன்) சும்மா பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரியிலிருந்து நான் இழுத்திருந்த வயர், இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தகட்டுச் சுவரில் ஒரு ஓட்டை வழியாகப் போகிறது. அந்த ஓட்டையின் விளிம்பில் உரசி உரசி, வயரின் மேல்தோல் பாதி தேய்ந்திருந்தது.

"தம்பி, ஃப்யூஸ் எங்க போட்டிருக்க?"

"ஆம்ப்ளிஃபையர்லயே ஒண்ணு இருக்குண்ணா."

"அது ஆம்ப்ளிஃபையரைக் காப்பாத்தும். இந்த வயரை யாரு காப்பாத்துவா?"

எனக்குப் பதில் இல்லை. மீதித் தோலும் தேய்ந்து செம்பு தகட்டில் பட்டிருந்தால், கார் பேட்டரி ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை அந்த வயருக்குள் தள்ளியிருக்கும். பின்பக்கம் இருக்கிற ஃப்யூஸுக்கு அந்த விஷயமே தெரிந்திருக்காது, ஏனென்றால் மின்சாரம் அதுவரை போகவே போகாது. வயர் பழுத்துச் சிவந்து, அதன்மேல் கிடக்கும் கார்ப்பெட்டைப் பற்றவைத்திருக்கும். பின்சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ் இருக்க வேண்டும், தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம் போட வேண்டும், மஞ்சள் வயர் வேறு சிவப்பு வயர் வேறு... இந்த விதிகளையெல்லாம் யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடியதில் கிடைத்தது சுமார் நூறு வருடக் கதை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாட்டியவர்கள் கடைக்காரர்கள் இல்லை

ரேடியோ ஒலிபரப்பு அமெரிக்காவில் 1920-ல் சூடு பிடித்தது. அடுத்த ஓரிரு வருடங்களிலேயே பையன்கள் அதைக் காருக்குள் ஏற்றப் பார்த்தார்கள். சிகாகோவில் ஜார்ஜ் ஃப்ராஸ்ட் என்ற பள்ளி மாணவர், தன் பள்ளி ரேடியோ கிளப்பின் தலைவர், 1922-ல் தன் ஃபோர்டு மாடல் டி காரில் ஒரு ரேடியோவைப் பொருத்தினார் என்று சொல்லுவார்கள். அவர்தான் முதல் ஆளா என்பதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது, கார் ரேடியோவின் கதை தொழிற்சாலையில் ஆரம்பிக்கவில்லை என்பதுதான். கையில் ஸ்பேனர் வைத்திருந்த ஆர்வக்கோளாறுகளிடம்தான் ஆரம்பித்தது.

அவர்களுக்கு மூன்று பெரிய தலைவலிகள் இருந்தன.

முதல் தலைவலி மின்சாரம். அந்தக் கால ரேடியோவில் வால்வுகள்தான். வால்வின் இழையைச் சூடாக்கக் கார் பேட்டரியின் 6 வோல்ட் போதும். ஆனால் அது வேலை செய்ய நூறு வோல்ட்டுக்கு மேல் இன்னொரு சப்ளை வேண்டும். அதற்குத் தனியாக உலர் பேட்டரிகளை வாங்கி, காரின் தரையில் ஓட்டை போட்டுப் பெட்டி அடித்து, அதற்குள் வைத்தார்கள். தீர்ந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டும்.

இரண்டாவது ஏரியல். கூரைத் துணிக்குள் கம்பிவலையைத் தைத்தார்கள். சிலர் காரின் அடியில் கம்பி கட்டினார்கள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றுக்கும் மேல்: இரைச்சல். பெட்ரோல் இஞ்சினில் ஒவ்வொரு முறை ஸ்பார்க் ப்ளக் பொறி விடும்போதும் ஒரு ரேடியோ அலை கிளம்புகிறது. இதில் ஆச்சரியம் இல்லை. மார்க்கோனி ஆரம்பத்தில் கம்பியில்லாமல் செய்தி அனுப்பியதே தீப்பொறியை வைத்துத்தான். ஆக, நாலு சிலிண்டர் கார் என்பது நாலு குட்டி ஒலிபரப்பு நிலையங்களைச் சுமந்துகொண்டு ஓடுகிற வண்டி. அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு எங்கோ தூரத்து ஸ்டேஷனின் பாட்டைக் கேட்க வேண்டும். இஞ்சினை அணைத்தால் பாட்டு கேட்கும், ஓட்டினால் பட்டாசுச் சத்தம் கேட்கும். ஓடும்போது கேட்க முடியாத கார் ரேடியோவை வைத்து என்ன செய்வது?

கால்வின் சகோதரர்கள்

பால் கால்வின், ஜோசப் கால்வின் என்ற சகோதரர்கள் 1928-ல் சிகாகோவில் ஒரு சின்னக் கம்பெனி தொடங்கினார்கள். அவர்களுடைய முதல் சரக்கு, வீட்டு ரேடியோவை பேட்டரி இல்லாமல் மின் இணைப்பிலேயே ஓடவைக்கும் ஒரு கருவி. அடுத்த வருடம் பங்குச்சந்தை விழுந்தது. வேறு ஏதாவது விற்றாக வேண்டும். காருக்கு ரேடியோ செய்தால் என்ன என்று யோசித்தார்கள்.

வில்லியம் லியர், எல்மர் வேவரிங் என்ற இரண்டு இளைஞர்களும் இந்த வேலையில் இருந்தார்கள். அவர்கள் செய்தது பெரிய கண்டுபிடிப்பு என்பதைவிட, பொறுமையான துப்பறியும் வேலை. இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பிடித்தார்கள். ஸ்பார்க் ப்ளக்குக்குப் போகும் வழியில் மின்தடை, டைனமோவில் கண்டென்சர், செட்டைச் சுற்றி உலோகப் பெட்டி. 1930 ஜூனில் பால் கால்வின் இந்த ரேடியோ மாட்டிய காரை அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ தயாரிப்பாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். உள்ளே ஸ்டால் இல்லை. வாசலில் காரை நிறுத்திச் சத்தமாகப் பாடவிட்டார். ஆர்டர் கிடைத்தது!

அந்த செட்டுக்கு வைத்த பெயர்தான் 'மோட்டோரோலா'. மோட்டார் காரின் 'மோட்டார்', அந்தக் காலத்து இசைக்கருவிப் பெயர்களின் வாலில் இருந்த 'ஓலா', இரண்டையும் ஒட்டியது. 1947-ல் கம்பெனியே அந்தப் பெயருக்கு மாறியது.

விலை 110 முதல் 130 டாலர். அப்போது சாதாரண ஃபோர்டு மாடல் ஏ கார் ஏறத்தாழ 500 டாலர். காரின் விலையில் கால்வாசி! அதை மாட்டுவதும் சாமான்யமில்லை. டேஷ்போர்டைப் பிரித்து, கூரையைக் கிழித்து, தரையில் ஓட்டை போட்டு, நாள் கணக்கில் நடக்கும் வேலை. அதனால் செட்டை விற்றால் மட்டும் போதாது, மாட்டத் தெரிந்த ஆட்களையும் உருவாக்கியாக வேண்டியிருந்தது.

ஐரோப்பாவும் சும்மா இல்லை. ஜெர்மனியில் 1932-ல் ப்ளாவ்பங்க்ட் 'ஆட்டோசூப்பர் ஏஎஸ் 5' வந்தது. சுமார் 15 கிலோ. செட்டை எங்கோ ஒளித்துவைத்துவிட்டு, ஸ்டீயரிங் பக்கத்தில் இருந்த திருகியால் இயக்கினார்கள். இன்றைய ஸ்டீயரிங் பட்டன்களின் கொள்ளுத்தாத்தா என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் அப்போதே சிலர், காரில் ரேடியோ கேட்டால் ஓட்டுநரின் கவனம் சிதறும், தடை செய்யுங்கள் என்று கிளம்பினார்கள். இன்று செல்போனைப் பற்றிப் பேசுகிறோமே, அதே பேச்சுதான்.

அந்த இரைச்சல் வேட்டையின் மிச்சம் இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. அடுத்த முறை ஸ்பார்க் ப்ளக் வாங்கும்போது அதன் எண்ணைப் பாருங்கள். பல ப்ளக்குகளில் 'ஆர்' என்ற எழுத்து இருக்கும். உள்ளேயே மின்தடை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரே பேட்டரி, ஒரே வயர்

தரையில் ஓட்டை போட்டு வைத்த அந்த உலர் பேட்டரிகளை ஒழித்தது 'வைப்ரேட்டர்' என்ற சின்ன டப்பா. நம் பழைய காலிங் பெல்லில் ஒரு தகடு டிர்ர்ர் என்று துடிக்குமே, அதே தத்துவம். கார் பேட்டரியின் நேர் மின்சாரத்தை நொடிக்கு நூறு முறைக்கு மேல் வெட்டி வெட்டி விடும். வெட்டுப்பட்ட மின்சாரத்தை டிரான்ஸ்ஃபார்மரில் ஏற்றி இருநூறு வோல்ட் அளவுக்கு உயர்த்தலாம். 1930-களில் இது பரவியதும் கார் ரேடியோவுக்குத் தனி பேட்டரி தேவையில்லாமல் போனது. காரின் பேட்டரியிலிருந்து ஒரு வயர், காரின் உடம்புக்கு ஒரு எர்த். முடிந்தது கதை.

அடுத்த பெரிய மாற்றம் டிரான்சிஸ்டர். 1955-ல் கிரைஸ்லரும் ஃபில்கோவும் சேர்ந்து, வால்வே இல்லாத கார் ரேடியோவை அறிவித்தார்கள். விலை 150 டாலர். 1956 மாடல் கார்களில் விருப்பமிருந்தால் வாங்கிக்கொள்ளலாம். டிரான்சிஸ்டருக்கு நூறு வோல்ட்டெல்லாம் வேண்டாம், கார் பேட்டரியே போதும். வைப்ரேட்டரும் மூட்டை கட்டியது. அதே சமயத்தில் அமெரிக்கக் கார்கள் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறிக்கொண்டிருந்தன.

ஆனால் டிரான்சிஸ்டருக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ப்ளஸ்ஸை மைனஸில் கொடுத்தால் மன்னிக்காது, உடனே உயிரை விட்டுவிடும். இங்கேதான் பிரிட்டிஷ் கார்கள் ஒரு வம்பு வைத்திருந்தன. 1960-களின் நடுப்பகுதி வரைக்கும் அவற்றில் பல 'பாசிட்டிவ் எர்த்' வண்டிகள். அதாவது பேட்டரியின் ப்ளஸ்தான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். நாம் இன்று கறுப்பு வயரைக் கண்ணை மூடிக்கொண்டு பாடியில் திருகுகிறோமே, அந்தக் கார்களில் அப்படிச் செய்தால் செட் காலி. மைனஸ்தான் எர்த் என்பது இயற்கையின் விதி இல்லை, பிற்பாடு எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வழக்கம். பழைய கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் இன்றைக்கும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

ஒரு ஸ்பீக்கர் நாலு ஆனது

ரேடியோவில் ஸ்டேஷன்காரன் போடும் பாட்டைத்தான் கேட்க முடியும். நமக்குப் பிடித்த பாட்டைக் காரில் கேட்பது எப்படி? 1956-ல் கிரைஸ்லர் காருக்குள் ஒரு ரெக்கார்டு ப்ளேயரையே வைத்துப் பார்த்தது! 'ஹைவே ஹை-ஃபை' என்று பெயர். ஓடுகிற காரில் இசைத்தட்டு. நீண்ட நாள் நிலைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை :-)

வழி காட்டியது டேப். 1930-ல் இரைச்சல் வேட்டையில் இருந்த அதே வில்லியம் லியர், இடையில் லியர்ஜெட் விமானமெல்லாம் செய்துவிட்டு, 1964-ல் எட்டு டிராக் டேப்போடு திரும்பி வந்தார். 1965 செப்டம்பரில் ஃபோர்டு தன் 1966 மாடல்களில் அதைக் கொடுத்தது. செட்டைத் தயாரித்தது மோட்டோரோலா. பிறகு, ஃபிலிப்ஸ் 1963-ல் வெளியிட்ட சின்ன கேசட் எட்டு டிராக்கை ஓரம் கட்டியது. 1984-ல் பயனீரும் சோனியும் காருக்கான சிடி ப்ளேயர்களைக் கொண்டுவந்தன.

டேப்போடு ஸ்டீரியோ வந்தது. இடது வேறு, வலது வேறு. பிறகு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. ஒரு ஸ்பீக்கருக்கு இரண்டு வயர் என்றால் நாலு ஸ்பீக்கருக்கு எட்டு வயர். வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது. கறுப்புக் கோடு போட்டது மைனஸ்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. பழைய செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸைத் தனியாக இழுக்காமல் காரின் பாடியிலேயே சேர்த்துவிடுவார்கள். வயர் மிச்சம். ஆனால் இன்றைய செட்டில் அப்படிச் செய்தால் உள்ளே இருக்கும் ஐசி சூடாகிப் பல்லிளிக்கும். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் கணக்குப் போடலாம்.

இஞ்சின் ஓடும்போது காரில் சுமார் 14.4 வோல்ட் இருக்கும். ஸ்பீக்கரின் ஒரு முனை பாடியில் இருந்தால், ஒலி அலை மேலே 7.2, கீழே 7.2 வோல்ட்தான் ஆட முடியும். 4 ஓம் ஸ்பீக்கரில் அது 6.5 வாட். அவ்வளவுதான். சத்தம் போதாது. அதனால் ஸ்பீக்கரின் இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு ஆம்ப்ளிஃபையரை வைத்தார்கள். ஒன்று மேலே தள்ளும்போது இன்னொன்று கீழே இழுக்கும். ஆட்டம் இரண்டு மடங்கு, திறன் நாலு மடங்கு: சுமார் 26 வாட். இப்போது கறுப்புக் கோடு போட்ட வயரிலும் ஒரு ஆம்ப்ளிஃபையர் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பாடியில் தொட்டால் ஷார்ட் சர்க்யூட்.

அப்படியானால் பெட்டியில் '4 x 50 வாட்' என்று போட்டிருக்கிறதே? அதே 14.4 வோல்ட்டை ஒலி அலையாக இல்லாமல் சதுர அலையாகத் தள்ளினால் கணக்கு 52 வாட் வரும். சதுர அலையில் யாரும் பாட்டு கேட்பதில்லை. காதில் விழுவது கொரகொர சத்தம்தான். இந்த வாட் புளுகு அளவு மீறிப் போனதால் 2003-ல் அமெரிக்க மின்னணுத் துறையினர் சேர்ந்து, 14.4 வோல்ட், 4 ஓம், 1 சதவீதத்துக்கு மேல் சிதைவு கூடாது என்று அளக்கும் முறையை வகுத்தார்கள். வாங்கும்போது 'ஆர்எம்எஸ்' என்று போட்ட எண்ணை மட்டும் பாருங்கள்.

மஞ்சளும் சிவப்பும்

என்னை மிகவும் குழப்பியது இதுதான். இரண்டும் 12 வோல்ட், எதற்கு இரண்டு வயர்?

பழைய செட்டில் ஸ்டேஷனை நினைவில் வைத்தது இரும்பு. பட்டனை அழுத்தினால் ஒரு நெம்புகோல் நகர்ந்து, முள் அந்த இடத்துக்குப் போகும். மின்சாரம் இல்லாவிட்டாலும் நெம்புகோல் மறக்காது. எலெக்ட்ரானிக் டியூனிங் வந்ததும் நினைவு சிலிக்கான் சில்லுக்குள் போனது. சில்லுக்குச் சதா சர்வகாலமும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும். அதற்காக வந்தது மஞ்சள். சாவியைக் கழற்றினாலும் அதில் உயிர் இருக்கும். சிவப்பு, சாவி திருப்பினால்தான் உயிர் பெறும். 'இப்போது நீ பாடலாம்' என்று செட்டுக்குச் சொல்லுவது மட்டுமே அதன் வேலை.

இரண்டையும் சாவியில் கொடுத்தால், ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் செட்டுக்கு எல்லாம் மறந்துபோகும். இரண்டையும் பேட்டரியில் கொடுத்தால், அணைக்க மறந்த அன்று காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. நீலம், மேலே எழும்பும் எலெக்ட்ரிக் ஏரியலுக்காக வந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு, ஆம்ப்ளிஃபையரை எழுப்புவதற்கு. ஆரஞ்சு, ராத்திரி விளக்கு போட்டால் செட்டின் வெளிச்சத்தைக் குறைப்பதற்கு. இப்படி ஒவ்வொரு நிறமும் ஒரு காலத்தில் யாரோ பட்ட அவஸ்தைக்கான விடை.

ஒரு எச்சரிக்கை: இது செட்டிலிருந்து வரும் வயர்களின் நிறம். காரிலிருந்து வரும் வயர்களின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் நிறத்தை நம்பி முறுக்காதீர்கள்.

யார் வேண்டுமானாலும் மாட்டலாம் என்று ஆன காலம்

அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பில் க்ரட்ச்ஃபீல்டு என்பவர் தன் பழைய போர்ஷே 356 காருக்கு ஸ்டீரியோ தேடி அலைந்தார். அலைச்சலின் முடிவில், 1974-ல், தபாலிலேயே கார் ஸ்டீரியோ விற்கும் ஒரு வியாபாரத்தைத் தொடங்கினார். சரக்கு விலைப்பட்டியலை மட்டும் அனுப்பியபோது வியாபாரம் தள்ளாடியது. வாடிக்கையாளர்களிடமே காரணம் கேட்டபோது, ஜனங்களுக்கு எப்படி மாட்டுவது என்ற பயம் இருப்பது புரிந்தது. எந்தக் காருக்கு எது பொருந்தும், எப்படி மாட்டுவது என்று விளக்கி எழுத ஆரம்பித்த பிறகு வியாபாரம் பிடித்துக்கொண்டது. தெரிந்ததை எழுதிவைப்பதும் ஒரு தொழில்நுட்பம்தான் என்று எனக்கு உறைத்தது இந்த இடத்தில்.

அடுத்தது அளவு. 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம் என்று ஜெர்மானியத் தரக்கழகமான டின் வகுத்த ஓட்டையின் அளவு 1984-ல் சர்வதேசத் தரமானது. நாம் கடையில் 'சிங்கிள் டின்', 'டபுள் டின்' என்று கேட்கிறோமே, அந்த 'டின்' தகர டின் இல்லை, அந்தக் கழகத்தின் பெயர்ச் சுருக்கம்! 1990-களில் பின்னால் செருகும் ப்ளக்குக்கும் ஐஎஸ்ஓ தரம் வந்தது. அந்தத் தரங்களைப் பின்பற்றிய கார்களில் எந்த நாட்டு செட்டும் ரம்பம் எடுக்காமல் உட்கார்ந்தது.

சுலபமாக மாட்டலாம் என்றால் சுலபமாகத் திருடலாம் என்றும் அர்த்தம். 1980-களில் நியூயார்க்கில் 'இந்தக் காரில் ரேடியோ இல்லை' என்று கண்ணாடியில் எழுதி ஒட்டிவைத்தார்கள். செட்டையே உருவிக் கையில் எடுத்துப் போகும் மாதிரிகளும், பிறகு முகப்பை மட்டும் கழற்றிப் பையில் போடும் மாதிரிகளும் அப்படி வந்தவைதான்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் கார் வாங்கினால் பெரும்பாலும் ஸ்டீரியோ இருக்காது. டேஷ்போர்டில் ஒரு வெற்றுப் பலகைதான். எனவே 'செட் மாட்டுவது' என்பதே ஒரு தனித் தொழிலானது. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ரோட்டோரத்திலேயே கதவைத் திறந்துபோட்டு, பல்லால் வயரைச் சீவி, இன்சுலேஷன் டேப் சுற்றிப் பத்தே நிமிடத்தில் பாடவிடும் கைகள். அவர்களில் பலர் எந்தப் பள்ளியிலும் இதைப் படித்ததில்லை. பட்டுப் படித்தவர்கள். எதிர்வீட்டு அண்ணனும் அப்படித்தான்.

கதவு மூடிக்கொண்டிருக்கிறது

1986-ல் பாஷ் நிறுவனம் 'கேன்' என்ற முறையை அறிமுகப்படுத்தியது. காரின் கருவிகளெல்லாம் தனித்தனி வயரில் பேசாமல், ஒரே ஜோடி வயரில் மாறி மாறிச் செய்தி அனுப்பிக்கொள்ளும். நல்ல ஏற்பாடு, வயர் சுமை குறைந்தது. ஆனால் நாளடைவில் செட்டும் அந்த உரையாடலில் சேர்ந்துவிட்டது. இன்றைய பல கார்களில் சிவப்பு வயரே கிடையாது. 'சாவி திருப்பியாகிவிட்டது' என்பதும் ஒரு செய்தியாகத்தான் வருகிறது. ஸ்டீயரிங் பட்டன், எச்சரிக்கை மணி, பின்பக்கக் கேமரா எல்லாம் அதே திரைக்குள். அமெரிக்காவில் 2018 மே மாதத்திலிருந்து புதுக் கார்களில் பின்பக்கக் கேமரா கட்டாயம். அந்தப் படம் தெரியும் திரையைப் பிடுங்கிவிட்டு நம் இஷ்டத்துக்கு வேறொன்றை வைப்பது இனி வெறும் பாட்டு விவகாரம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பழைய எதிரியும் திரும்பி வந்துவிட்டது. மின்சாரக் கார்களில் மோட்டாரை இயக்கும் மின்னணுக் கருவிகள் ஏஎம் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அதனால் சில கம்பெனிகள் ஏஎம் ரேடியோவையே எடுத்துவிட்டன. ஃபோர்டு 2023-ல் எடுக்கப்போகிறோம் என்று சொல்லி, பேரிடர்க் காலத்தில் ஏஎம் தேவை என்று எதிர்ப்பு வந்ததும் அதே வருடம் மே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. 1930-ல் இதே இரைச்சலை ப்ளக் ப்ளக்காகத் துரத்திப் பிடித்தார்கள். இப்போது சத்தம் வருகிறதா, ரேடியோவை எடுத்துவிடு என்கிறார்கள்.

நம் காரை நாமே திறக்கும் உரிமை வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை. ஆனால் அந்தத் தேய்ந்த வயரைப் பார்த்த பிறகு அந்த உரிமையைப் பற்றி வாய்கிழியப் பேசக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. டேஷ்போர்டைத் திறக்க எனக்கு உரிமை இருந்தது. திறப்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, எனக்கு முன்னால் திறந்தவர்கள் எழுதிவைத்தது, எல்லாம் தேடினால் கிடைக்கிற இடத்தில்தான் இருந்தது. நான் தேடவில்லை.

எனவே நீங்கள் மாட்டுவதாக இருந்தால் இதை மட்டும் மறக்காதீர்கள். வேலை தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். பேட்டரியிலிருந்து நேராக வயர் இழுத்தால் ஒரு முழத்துக்குள் ஃப்யூஸ். ஃப்யூஸின் அளவு வயரின் தடிமனுக்கு ஏற்றபடி இருக்கட்டும். ஃப்யூஸ் போனால் காரணத்தைத் தேடுங்கள், பெரிய ஃப்யூஸைப் போட்டு ஏமாற்றாதீர்கள். தகட்டைத் தாண்டும் இடத்தில் ரப்பர் வளையம். முறுக்கி டேப் ஒட்டினால் நம்மூர் வெயிலில் பசை உருகி உரிந்துவிடும், முடிந்தால் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள்.

அந்த அண்ணனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழு வயரையும் உருவிவிட்டுப் புதிதாக இழுத்தோம். ஃப்யூஸ், அதன் ஹோல்டர், ரப்பர் வளையம் மூன்றும் சேர்த்துக்கூட ஒரு சினிமா டிக்கெட் விலை ஆகவில்லை. காசு கேட்டதற்கு அண்ணன் வாங்கவில்லை. "அடுத்தவன் வண்டியில இப்படிப் பார்த்தா நீ சொல்லிக்குடு, போதும்" என்றார்.

சொல்லிவிட்டேன்.